மரம் விழுந்தால் பணம் வரும்... இன்ஜின் நின்றால்?
கார், டிராக்டர் இன்ஷூரன்ஸில் எது கிடைக்கும், எது கிடைக்காது?

2011-ம் ஆண்டு டிசம்பர் 30. விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய 'தானே' புயலைக் கடலூர் மாவட்ட விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. பண்ருட்டிப் பக்கம் தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் மொட்டையாகின. நெய்வேலி நகரியத்திலும் அதே கதைதான். என்.எல்.சி நிர்வாகம் பார்த்துப் பார்த்து வளர்த்த சாலையோர மரங்கள், வட்டத்துக்கு வட்டம் குறுக்கே விழுந்து கிடந்தன. வீட்டை விட்டு வெளியே வரவே மரம் அறுக்கும் மெஷின் தேவைப்பட்ட நாள் அது.

மாவட்டத்துக்கு அது முதல் அடியும் இல்லை, கடைசி அடியும் இல்லை. 2015 நவம்பரில் ஒரே நாளில் கொட்டிய பேய்மழையில் பண்ருட்டியை ஒட்டிய பெரியகாட்டுப்பாளையம், விசூர் கிராமங்களைக் காட்டாற்று வெள்ளம் அடித்துச் சென்றது. 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த இரண்டு நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்து, கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது.

பயிர் இன்ஷூரன்ஸ் பற்றி இந்தப் பகுதி விவசாயிகளுக்கு நன்றாகவே தெரியும். கடைசித் தேதி எது, எந்தக் கிராமம் எந்தப் பிர்க்காவில் வருகிறது என்பதெல்லாம் விரல் நுனியில் இருக்கும். ஆனால், வாசலில் நிற்கும் கார், களத்தில் நிற்கும் டிராக்டர் விஷயத்தில் மட்டும், "இன்ஷூரன்ஸ் இருக்குங்க" என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என்ன இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்ற கேள்வி, மரம் விழுந்த பிறகுதான் எழுகிறது.

போலீஸுக்குக் காட்டும் காகிதம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 146-வது பிரிவு, சாலைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்கிறது. இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆனால், சட்டம் கட்டாயமாக்கியிருப்பது 'தேர்டு பார்ட்டி' இன்ஷூரன்ஸை மட்டும்தான். அதாவது, நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான பாதுகாப்பு. உயிரிழப்பு, காயம் என்றால் நீதிமன்றம் நிர்ணயிக்கும் தொகைக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவரின் பொருள், சுவர், கடை, மாடு போன்றவற்றுக்குச் சேதம் என்றால், தனியார் காருக்கு ஏழரை லட்ச ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்கும்.

நம் கார்மீது மரம் விழுந்தால்? தேர்டு பார்ட்டி பாலிசியில் ஒரு பைசா வராது. அதற்கு 'ஓன் டேமேஜ்' எனப்படும் சொந்தச் சேதப் பாதுகாப்பும் சேர்ந்த முழு பாலிசி வேண்டும். ஊர் வழக்கில் இதை 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' என்பார்கள். 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' என்றும் சொல்வதுண்டு.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல், புதிதாக வாங்கும் காருக்கு 3 ஆண்டுகளுக்கும் இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டுகளுக்கும் தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸை மொத்தமாக எடுத்தாக வேண்டும். ஷோரூமில் கொடுக்கும் பாலிசியில் பெரும்பாலும் ஓன் டேமேஜ் ஓர் ஆண்டுக்குத்தான் இருக்கும். 'மூணு வருஷத்துக்குக் கட்டியாச்சு' என்ற நினைப்பில் இரண்டாம் ஆண்டு புதுப்பிக்காமல் விட்டுவிட்டால், வண்டி சட்டப்படி சரியாக இருக்கும். சோதனையில் நிறுத்தினாலும் பிரச்னை வராது. ஆனால், அந்த வண்டிமீது தென்னை மரம் விழுந்தால் டிங்கரிங் செலவு முழுக்கச் சொந்தக் காசு. பாலிசியில் இரண்டு தேதிகள் தனித்தனியாக அச்சிடப்பட்டிருக்கும். வீட்டில் புதிய காரோ, பைக்கோ இருந்தால், அந்த இரண்டாவது தேதியை இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

வெளியிலிருந்து வந்ததா, உள்ளேயே நடந்ததா?

முழு பாலிசி இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எதற்கெல்லாம் பணம் கிடைக்கும்?

விபத்து, தீ, மின்னல், வண்டி தானாகத் தீப்பிடிப்பது, திருட்டு, நிலநடுக்கம், வெள்ளம், புயல், சூறாவளி, ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. கலவரம், வேலைநிறுத்தம், யாரோ வேண்டுமென்றே உடைப்பது, பயங்கரவாதச் செயல் ஆகியவையும் உண்டு. 2023 ஜூலை 28 அன்று சுரங்க விரிவாக்கத்துக்கு எதிரான போராட்டத்தின்போது நெய்வேலியில் கல்வீச்சு நடந்து, போலீஸ் வாகனங்கள் சேதமடைந்தது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட நாளில் ஓரமாக நிறுத்தியிருந்த தனியார் காரின் கண்ணாடி உடைந்தாலும், ஓன் டேமேஜ் பாலிசியில் கேட்க வழியுண்டு. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருப்பது முக்கியம்.

பலா சீசனில் இருபது கிலோ பழம் பானெட்மீது விழுந்தால்கூட அது விபத்துதான். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், 'வெளியிலிருந்து வந்த, எதிர்பாராத சேதம்' என்ற விளக்கத்துக்குள் அது கச்சிதமாகப் பொருந்தும்.

கிடைக்காதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் முதலில் நிற்பது, வண்டி தானாகப் பழுதாவது. கிளட்ச் தேய்ந்துபோவது, கியர்பாக்ஸ் இறுகிவிடுவது, பேட்டரி செத்துப்போவது, ஏ.சி வேலை செய்யாதது, டைனமோ கருகுவது. இவையெல்லாம் இயந்திர, மின்சாரக் கோளாறுகள். சாதாரண மோட்டார் பாலிசி இவற்றுக்குப் பொறுப்பேற்பதில்லை. நாள்பட்ட தேய்மானமும் அப்படியே. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து பெயின்ட் மங்கிவிட்டது என்று நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் குறை சொல்பவர்கள் உண்டு. அது மெதுவாக நடக்கும் சேதம் என்பதால் இன்ஷூரன்ஸில் எடுபடாது.

விக்கிரவாண்டி-கும்பகோணம் சாலையில் ஆர்ச் கேட் பக்கம் இரவு பத்து மணிக்கு கார் நின்றுவிட்டால், பழுது பார்க்கும் செலவைப் பாலிசி தராது. தயாரிப்பாளர் தரும் வாரன்டி காலம் இருந்தால், அதில் கேட்கலாம். அது முடிவதற்கு முன்பே பணம் கட்டி நீட்டித்த வாரன்டி இருந்தாலும் கேட்கலாம். இன்ஷூரன்ஸில் கூடுதல் பிரீமியம் கட்டி 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' எடுத்திருந்தால், ஆள் வந்து டயர் மாற்றித் தருவார். பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுப்பார். முடியாவிட்டால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்வார். உதிரிபாகத்தின் விலை அதில் சேராது. இந்த வசதிக்காகக் கட்டும் தொகை சில நூறு ரூபாய்தான் என்பதால், அடிக்கடி இரவில் பயணம் போகிறவர்கள் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை. எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக இழுத்துச் செல்வார்கள், வருடத்துக்கு எத்தனை முறை என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விபத்தில் சிக்கிய வண்டியை எடுத்துச் செல்வது வேறு கதை. அதற்கு அடிப்படை பாலிசியிலேயே இடமிருக்கிறது. காருக்கு 1,500 ரூபாய், டிராக்டர் போன்ற வர்த்தகப் பிரிவு வண்டிகளுக்கு 2,500 ரூபாய் என்பது வழக்கமான வரம்பு.

இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து

'வெளியே', 'உள்ளே' என்று கோடு போட்டாலும், நிஜத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. பெரிய தொகைகள் கைவிட்டுப் போவது அங்கேதான்.

வயல் பாதையில் போகும்போது அடியில் ஒரு கல் இடித்து ஆயில் சம்ப் உடைந்துவிடுகிறது. இது விபத்து. சம்ப் மாற்றும் செலவு கிடைக்கும். ஆனால், டேஷ்போர்டில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தும், 'வீடு வரைக்கும் ஓட்டிடலாம்' என்று நான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஆயில் முழுக்க வடிந்து இன்ஜின் சீஸ் ஆகிவிடுகிறது. சில ஆயிரம் ரூபாய் சம்புக்குப் பணம் வரும், இன்ஜினுக்கு வராது. கல் இடித்ததால் வந்த சேதம் சம்ப்போடு முடிந்துவிட்டது, இன்ஜின் போனது தொடர்ந்து ஓட்டியதால் வந்த விளைவு என்று சர்வேயர் எழுதுவார். பாலிசியின் விதியும் அவர் பக்கம்தான் இருக்கும்.

வெள்ளத்திலும் இதே கணக்குதான். தண்ணீர் புகுந்து சீட், ஒயரிங், எலெக்ட்ரானிக் பாகங்கள் கெட்டுப்போனால், வெள்ளம் என்ற பிரிவில் கிடைக்கும். தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் சாவியைத் திருகினால், சிலிண்டருக்குள் புகுந்திருக்கும் தண்ணீரை பிஸ்டன் அழுத்தப் பார்க்கும். தண்ணீர் அழுந்தாது. கனெக்டிங் ராடு வளையும். சில வண்டிகளில் இன்ஜின் பிளாக்கே உடையும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் இந்த வகைச் சேதம் பெரும் பேச்சானது. 'தண்ணீரில் நின்றதால் அல்ல, ஸ்டார்ட் செய்ததால் போனது' என்று கம்பெனிகள் மறுக்க இது இடம் கொடுக்கிறது. இதற்கென்றே 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு விற்கப்படுகிறது. பாலிசி எடுக்கும்போதோ, புதுப்பிக்கும்போதோதான் அதைச் சேர்க்க முடியும். புயல் சின்னம் உருவான பிறகு போன் செய்தால் கிடைக்காது. வண்டிக்கு வயதாகிவிட்டாலும் தர மறுப்பார்கள்.

எனவே, தண்ணீரில் நின்ற வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்யக் கூடாது. நம்பர் பிளேட்டும் தண்ணீர் மட்டமும் ஒரே படத்தில் தெரியும்படி செல்போனில் படம் எடுக்க வேண்டும். எட்டுமானால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, கம்பெனிக்குப் போன் செய்து, வண்டியை இழுத்துத்தான் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். 'தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா' என்று உதவிக்கு வரும் பக்கத்து வீட்டுக்காரரையும் தடுக்க வேண்டியிருக்கும்.

பில் ஒரு லட்சம்... கைக்கு வருவது?

முழு பாலிசி இருந்தாலும் முழுப் பணம் வராது. இது தெரியாமல் ஒர்க்‌ஷாப்பில் சண்டை போடுகிறவர்கள் பலர். மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி. ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவிகிதம். கண்ணாடிக்குக் கழிவே இல்லை. இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்தது: முதல் ஆறு மாதம் எதுவும் இல்லை, ஒரு வயது வரை 5 சதவிகிதம், இரண்டு வயது வரை 10, மூன்று வரை 15, நான்கு வரை 25, ஐந்து வரை 35, பத்து வரை 40, அதற்கு மேல் 50.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நான்கு வயது முடிந்து ஐந்து ஆகாத சிறிய கார். வேப்ப மரக் கிளை முறிந்து விழுந்திருக்கிறது. பானெட், கூரைத் தகடு முதலான இரும்புப் பாகங்கள் 40,000 ரூபாய், பம்பர் உள்ளிட்ட பிளாஸ்டிக் பாகங்கள் 20,000, முன் கண்ணாடி 12,000, பெயின்டிங் 16,000, கூலி 14,000. மொத்தம் 1,02,000 ரூபாய்.

இரும்புக்கு 35 சதவிகிதம், அதாவது 14,000 கழியும். பிளாஸ்டிக்குக்குப் பாதி, 10,000. பெயின்டிங் செலவில் கால் பங்கை பெயின்டின் விலையாக எடுத்துக்கொண்டு, அதில் பாதியைக் கழிப்பார்கள், அது 2,000. கண்ணாடிக்கும் கூலிக்கும் கழிவு கிடையாது. கடைசியாக, 1,500 சி.சி வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளர் கட்ட வேண்டிய கட்டாயப் பங்கு 1,000 ரூபாய். ஆக, 27,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். 75,000 ரூபாயைக் கம்பெனி தரும். வரிக் கணக்கு இதில் சேர்க்கப்படவில்லை.

'ஜீரோ டெப்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால், இந்த 26,000 ரூபாய் தேய்மானம் கழியாது. ஐந்து வயதுக்குள்ளான வண்டிக்கு அந்தக் கூடுதல் பிரீமியம் லாபம்தான். கழிவு அதிகம் இல்லாத முதல் வருடத்தைவிட மூன்றாவது, நான்காவது வருடங்களில்தான் அதன் பலன் நன்றாகத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், ஷோரூமில் முதல் வருடம் கேட்காமலே சேர்த்துவிடுகிறார்கள். பிரீமியத்தைக் குறைக்க நினைக்கும் உரிமையாளர் சரியாக மூன்றாம் வருடம் அதை எடுத்துவிடுகிறார்.

வண்டியின் மதிப்பு எனப் பாலிசியில் போடப்படும் ஐ.டி.வி தொகையும் கவனிக்க வேண்டியது. திருடுபோனாலோ, முற்றிலும் நொறுங்கினாலோ அதுதான் உச்சபட்சம். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினால், முழு நஷ்டமாகக் கணக்கிடுவார்கள். ஏஜென்ட் ஒருவர் மற்றவரைவிட ஐந்நூறு ரூபாய் குறைவாகப் பிரீமியம் சொன்னால், ஐ.டி.வி-யைத்தான் குறைத்திருக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சின்னக் கீறலுக்குக் கிளைம் வேண்டுமா?

வருடம் முழுக்கக் கிளைம் கேட்காதவருக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. முதல் வருடத்துக்கு 20 சதவிகிதம், பிறகு 25, 35, 45, கடைசியில் 50. ஒரே ஒரு கிளைம் கேட்டாலும் மீண்டும் பூஜ்யம்.

தள்ளுபடிக்கு முன்பு 8,000 ரூபாய் பிரீமியம், 50 சதவிகிதத் தள்ளுபடி கிடைத்து 4,000 கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் கேட்ட அடுத்த வருடம் 8,000 கட்டுவார். அதற்கடுத்து 6,400; பிறகு 6,000; 5,200; 4,400. பழைய 4,000-க்குத் திரும்ப ஐந்து வருடம் ஆகும். அதற்குள் கூடுதலாகக் கட்டியது 10,000 ரூபாய். வருடா வருடம் அடிப்படைப் பிரீமியம் சற்றுக் குறையும் என்பதால், இந்தத் தொகையும் கொஞ்சம் குறையலாம். ஆறாயிரம் ரூபாய் பம்பர் வேலைக்குக் கிளைம் கேட்பது நஷ்டம் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். பாலிசி முடிந்து 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், இந்தத் தள்ளுபடி கையை விட்டே போய்விடும்.

டிராக்டருக்குத் தனி விதிகள்

கார் பாலிசியை நன்றாகப் படித்தவர்கூட டிராக்டரில் ஏமாந்துபோகக்கூடும். டிராக்டர் வருவது வர்த்தக வாகனங்களின் 'இதர வகை' பிரிவில். அதன் அடிப்படை பாலிசியில் விளக்குகள், டயர், டியூப், மட்கார்டு, பானெட்டின் பக்கத் தகடு, பம்பர், பெயின்ட் ஆகியவற்றின் தனிச் சேதத்துக்குப் பணம் கிடையாது. வண்டியே முழு நஷ்டமானால் மட்டுமே அவை கணக்கில் வரும். மரம் விழுந்தால் முதலில் உடைவது இவைதானே! கூடுதல் பிரீமியம் கட்டினால், 'ஐ.எம்.டி 23' என்ற ஒப்புதலின் மூலம் இவற்றையும் சேர்க்கலாம். பாலிசியின் கடைசிப் பக்கங்களில் எண்களின் வரிசையாக ஐ.எம்.டி என்று அச்சிட்டிருப்பார்கள். அதில் 23 இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பயன்பாடும் முக்கியம். விவசாயப் பயன்பாட்டுக்கு என்று எடுத்த பாலிசியை வைத்துக்கொண்டு செங்கல், மணல் வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடந்த அன்றைக்கே சிக்கல் ஆரம்பிக்கும். தனியார் காருக்கும் இப்படி ஒரு வரம்பு உண்டு. வாடகைக்கு ஓட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். சொந்த உடைமை, மாதிரிப் பொருள் தவிர மற்ற சரக்கு ஏற்றுவதும் பாலிசிக்கு வெளியே என்பது பலருக்குத் தெரியாது. பின் சீட்டை மடக்கி முந்திரிக்கொட்டை மூட்டைகளை ஏற்றிப் பண்ருட்டிக்கு ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது.

லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட எடை கொண்ட போக்குவரத்து வாகனத்தையும் தனி ஒப்புதல் இல்லாமல் ஓட்டலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. அந்த எடைக்குள் வரும் டிராக்டரும் இலகு ரக வாகனம்தான். ஆனால், லைசென்ஸே இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்தால், எந்தத் தீர்ப்பும் காப்பாற்றாது.

வாசகர்கள் கேட்பவை

"டிராக்டருக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. கரும்பு ஏற்றிப் போகும்போது டிரெய்லர் மட்டும் கவிழ்ந்துவிட்டது. கிடைக்குமா?"

பாலிசியில் டிரெய்லரின் விவரமும் மதிப்பும் தனியாகக் குறிப்பிடப்பட்டு, அதற்கான பிரீமியமும் கட்டியிருந்தால் கிடைக்கும். இல்லாவிட்டால் இன்ஜின் பகுதிக்கு மட்டும்தான் பாதுகாப்பு. கொட்டிப்போன கரும்புக்கு மோட்டார் பாலிசியில் இடமே இல்லை. டிரெய்லரில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குப் பாதுகாப்பு இருப்பதாக நினைத்துவிடவும் கூடாது. டிராக்டர் ஆட்களை ஏற்றும் வண்டி அல்ல. திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் ஆள் ஏற்றிப் போய் விபத்து நடந்தால், இழப்பீட்டுச் சுமை உரிமையாளரின் நிலத்தின்மீது வந்து விழக்கூடும்.

"களத்தில் நிறுத்திய காரின் ஒயரை எலி கடித்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள்."

எலி வெளியிலிருந்து வந்த சேதம்தான் என்ற அடிப்படையில் பல கம்பெனிகள் ஓன் டேமேஜ் கிளைமை ஏற்கின்றன. மின்சாரக் கோளாறு என்று மறுப்பவர்களும் இருக்கலாம். கடித்த இடம் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்துவிட்டு, சர்வேயர் பார்க்கும் வரை ஒயரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். நெல் மூட்டைக்குப் பக்கத்தில் காரை நிறுத்துவதைத் தவிர்ப்பது இன்ஷூரன்ஸைவிட மலிவு.

"நகரியத்தில் ஓய்வு பெற்ற ஊழியரிடம் கார் வாங்கினேன். பாலிசி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதுவே போதுமா?"

போதாது. வண்டி கைமாறும்போது தேர்டு பார்ட்டி பாதுகாப்பு சட்டப்படி புதியவருக்கு வந்துவிடும். ஓன் டேமேஜ் அப்படி வராது. 14 நாள்களுக்குள் கம்பெனியில் விண்ணப்பித்துப் பெயர் மாற்ற வேண்டும். ஆர்.சி புக்கில் பெயர் மாற்றியதோடு நின்றுவிட்டால், பாலிசி பழைய உரிமையாளர் பெயரில், வண்டி உங்கள் பெயரில் என்று கிளைம் நேரத்தில் இரண்டும் ஒட்டாமல் நிற்கும். அவருடைய நோ கிளைம் தள்ளுபடியும் உங்களுக்குச் சேராது. அது வண்டிக்கு உரியது அல்ல, ஆளுக்கு உரியது. அவர் அடுத்து வாங்கும் காருக்கு அதை எடுத்துச் செல்வார்.

"டிராக்டர் திருடுபோனது. போலீஸில் உடனே புகார் கொடுத்தோம். கம்பெனிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் எழுதினோம். தாமதம் என்று மறுக்கிறார்களே?"

கிட்டத்தட்ட இதே வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டிராக்டர் திருடுபோன அன்றே எஃப்.ஐ.ஆர் பதிவானது, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 52 நாள் கழித்துத்தான் தகவல் போனது. உடனே எஃப்.ஐ.ஆர் பதிவு செய்து, திருட்டு உண்மை என்று விசாரணையிலும் தெரிந்த பிறகு, கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னார் என்ற ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரி 24 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடலாம். இதை நம்பித் தாமதிக்க வேண்டாம். திருட்டோ, விபத்தோ, அன்றைக்கே போன் செய்து கிளைம் எண்ணை வாங்கிவிடுவதுதான் சரி.

"ஒர்க்‌ஷாப்காரர் சர்வேயர் வருவதற்கு முன்பே பிரித்துவிட்டார். கம்பெனி கிளைமை நிராகரித்துவிட்டது. எங்கே போவது?"

பெரிய சேதங்களுக்கு சர்வேயர் அறிக்கை அவசியம் என்பதால், அவர் பார்க்கும் முன் பிரித்தது பலவீனம்தான். ஆனாலும், பிரிப்பதற்கு முன்பு எடுத்த படங்கள், உடைந்த பாகங்கள் கையில் இருந்தால் வழி அடைபட்டுவிடவில்லை. முதலில், நிராகரித்ததற்கான காரணத்தை எழுத்தில் வாங்க வேண்டும். தேவையான ஆவணம் இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் கிளைமை நிராகரிக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஜூனில் சுற்றறிக்கையே வெளியிட்டிருக்கிறது. பிறகு, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் புகாரைப் பதியலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வரவில்லை அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால், சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்ச ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. கம்பெனியின் இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கடலூரில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுவது இன்னொரு வழி. அதற்கு இரண்டு வருட அவகாசம் உண்டு. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே புகாரைக் குறைதீர்ப்பாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால், செலவில்லாத வழியை முதலில் முயல்வது நல்லது. உடைந்த பாகங்களை, விவகாரம் முடியும் வரை, பழைய இரும்புக் கடைக்குப் போடாமல் ஒரு சாக்கில் கட்டி வைத்திருக்க வேண்டும்.